புது பூட்ஸ் முழங்காலில் குத்துகிறதே, மாற்றலாமா?

கேள்வி: குதிரையேற்றம் கற்கிறேன். முழங்கால் உயரத் தோல் பூட்ஸ் வாங்கினேன். பாதத்துக்குக் கச்சிதமாக இருக்கிறது. ஆனால் மேல் விளிம்பு முழங்காலின் பின்புறம் குத்துகிறது. கெண்டைக்காலில் ஜிப்பை இழுத்துப் பிடித்துத்தான் மூட வேண்டியிருக்கிறது. கடைக்காரர், “போகப் போகச் சரியாகிவிடும்” என்கிறார். நம்பலாமா?

பதில்: பாதி நம்பலாம். உயரத்தைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரிதான். தோல் பழகப் பழகக் கணுக்காலில் மடிப்பு விழும்; அதனால் பூட்ஸின் உயரம் இரண்டு மூன்று சென்டிமீட்டராவது இறங்கிவிடும். புதிதில் கனகச்சிதமாக இருப்பது சில மாதங்களில் குட்டையாகிவிடும் என்பதால், இப்போது சற்று உறுத்துவதே நல்லது. அதுவரை குதிகாலுக்கடியில் மெல்லிய அட்டை வைத்துக்கொண்டால் கால் சற்று உயர்ந்து, உறுத்தல் குறையும். முழங்காலை மடக்கவே முடியாமல் சதையை அறுக்கிறது என்றால் அது வேறு கதை. தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

ஜிப் விஷயத்தில்தான் எனக்குச் சந்தேகம். சவாரிக்கு அணியும் கால்சட்டை, காலுறையோடு போட்டுப் பாருங்கள். ஒரு கையால் நிதானமாக இழுத்து மூட முடிந்தால் போதும். தோல் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். இன்னொருவர் இரு பக்கத்தையும் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருந்தாலோ, ஜிப்பின் பற்கள் அலைபோல் வளைந்தாலோ, கால் மரத்துப்போனாலோ அது உங்கள் அளவல்ல. தோல் நெகிழும் முன் ஜிப் பிய்ந்துவிடும். செயற்கைத் தோல் என்றால் நெகிழும் என்றே எதிர்பார்க்காதீர்கள்.

மாற்றும்போது ஒரு எண் பெரிதாகக் கொடுக்கப் பார்ப்பார்கள், வாங்காதீர்கள். குதிகால் உள்ளே தூக்கிக்கொண்டு, பாதம் வழுக்கும். அதே பாத அளவில் அகலக் கெண்டைக்கால் உள்ளதைக் கேளுங்கள். பல நிறுவனங்கள் பாதம், கெண்டைக்கால், உயரம் மூன்றுக்கும் தனித்தனி அளவு வைத்திருக்கின்றன. கால் சற்று வீங்கியிருக்கும் மாலையில், நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலைச் செங்கோணமாக மடக்கி அளவெடுங்கள். கெண்டைக்காலின் பருத்த இடத்தில் ஒரு சுற்று. தரையிலிருந்து முழங்காலின் பின் மடிப்புவரை உயரம். இரு கால்களும் ஒரே பருமனாக இருப்பது அபூர்வம். பெரிய காலின் அளவையே கொடுங்கள்.

முடிவெடுக்கும்வரை விரிப்பின்மேல் மட்டும் நடங்கள், சேணத்தில் ஏறாதீர்கள். கணுக்காலில் மடிப்பும், உள்பக்கம் உராய்ந்த தடமும் விழுந்த பூட்ஸைப் பெரும்பாலும் எந்தக் கடையும் திரும்ப எடுக்காது. அளவு கொடுத்துத் தைக்கச் சொன்னதென்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.