மறு: ரூபாட்டோ சேர்த்தால் இடது கை நொண்டுகிறது

பியானோவில் ஷோப்பானின் சி ஷார்ப் மைனர் வால்ட்ஸை (நடன நடையில் அமைந்த இசைத்துண்டு, ஓபஸ் 64, எண் 2) மெட்ரோனோமோடு, அதாவது சீராகத் தட்டும் தாளக் கருவியோடு, வாசித்தால் மரக்கட்டை மாதிரி இருக்கிறது, ரூபாட்டோ (தாளத்தைக் கொஞ்சம் இழுத்தும் விரைந்தும் வாசிப்பது) சேர்த்தால் இடது கை நொண்டுகிறது என்கிறீர்கள். இரண்டு கையையும் சேர்த்தே இழுக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. இடது கைதான் கண்டக்டர் என்று ஷோப்பான் மாணவர்களிடம் சொல்வாராம் (பஸ் கண்டக்டர் இல்லை, இசைக்குழுவை நடத்துபவர்). 1777இல் மொசார்ட் அப்பாவுக்கு எழுதிய கடிதத்திலும் இதே விஷயம் வருகிறது: வலது கை பிந்தினாலும் இடது கை அசையக் கூடாது.

இடது கையை மட்டும், ஆள் ஆடலாம் என்கிற அளவுக்கு நிதானம் வரும்வரை வாசியுங்கள். அப்புறம் மெட்டை வாயால் பாடிக்கொண்டே அதே இடது கை. குரல் தானாகவே ஓரிடத்தில் தங்கும், பிறகு ஓடிவந்து சேரும். அந்தத் தங்கலைத்தான் வலது கைக்குக் கொடுக்க வேண்டும்.

வேகமான பகுதி மூன்று முறை வருகிறது. மூன்றிலும் ஒரே இடத்தில் இழுத்தால் சலித்துவிடும். நான் முதல் முறை கிட்டத்தட்ட நேராகவே வாசிப்பேன். நடுவில் வரும் டி ஃபிளாட் மேஜர் பகுதியில் மட்டும் இரண்டு கையும் சேர்ந்து கொஞ்சம் வளையலாம். இடது கையை மட்டும் பதிவு செய்து போடுங்கள், கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.