இரண்டு ஏக்கருக்கு எந்தக் கால்நடை, எந்தக் காவல் நாய்?

கேள்வி: இரண்டு ஏக்கர் நிலம் இருக்கிறது. பாதியில் புல், மீதியில் முள்ளும் புதரும். பகலில் வேலைக்குப் போய்விடுவேன். காலையும் மாலையும்தான் நேரம். வெள்ளாடு, செம்மறி, ஒரு பசு, பத்துப் பதினைந்து கோழி வளர்க்க ஆசை. இரவில் நரியும் தெருநாய்களும் வந்து போகின்றன. நல்ல முரட்டு நாய்க்குட்டி ஒன்றை வாங்கி விட்டால் போதுமா? எந்த இனம் நல்லது? நாயே வேண்டாம், கழுதை போதும் என்கிறார் ஒருவர். உண்மையா?

பதில்: நாயைக் கடைசியாக வாங்குங்கள். மந்தையைக் காக்கும் நாய்க்கு அந்த மந்தைதான் குடும்பம். குட்டி வந்து இறங்கும்போது மந்தை அங்கே இருக்க வேண்டும், அதுவும் இடத்துக்குப் பழகி நிதானமாக இருக்க வேண்டும். வேலியும் தயாராக இருக்க வேண்டும். இவை இல்லாத நிலத்தில் எவ்வளவு நல்ல நாயைக் கொண்டுவந்து விட்டாலும், அது வீட்டு வாசலில் படுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் ஊர் சுற்றக் கிளம்பிவிடும். ஆகவே கால்நடையிலிருந்து தொடங்குவோம்.

புதர் இருப்பதைக் குறையாக நினைக்காதீர்கள். வெள்ளாடு தலையை நிமிர்த்தித் தின்னும் பிராணி. இலை, தழை, கொடி, முள்செடியின் கொழுந்து என்று உயரத்தில் இருப்பதைத்தான் முதலில் தேடும். செம்மறி தலை குனிந்து புல்லை மேயும். உங்கள் நிலம் இரண்டுக்கும் இடம் தரும் என்றாலும், முதல் வருடம் இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது. காரணம் தாமிரம். செம்மறியின் ஈரல் தாமிரத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் அது மொத்தமாக ரத்தத்தில் இறங்கி ஆட்டைக் கொன்றுவிடும். வெள்ளாட்டுக்குத் தாமிரம் கூடுதலாகத் தேவை. வெள்ளாட்டுக்கு வாங்கிய தாது உப்புக் கலவையைச் செம்மறி தினமும் நக்கினால் ஆபத்து. இரண்டையும் தனித்தனியாகத் தீவனம் வைத்து வளர்க்கும் பழக்கம் வந்த பிறகு சேர்த்து வளர்க்கலாம்.

பசு ஒன்றுதானே என்று தோன்றும். 400 கிலோ எடையுள்ள பசுவுக்கு, ஈரம் நீக்கிய கணக்கில், நாளுக்குச் சுமார் 10 முதல் 12 கிலோ தீவனம் வேண்டும். 30 கிலோ ஆட்டுக்கு அதே கணக்கில் ஒரு கிலோ அளவு போதும். அதாவது ஒரு பசு உங்கள் நிலத்தில் பத்து ஆட்டின் பங்கைத் தின்னும். அதோடு, கறவை என்றால் தினம் இரண்டு வேளை கறந்தே ஆக வேண்டும், உங்களுக்குக் காய்ச்சல் என்றாலும் சரி. வேலைக்குப் போகிற ஒருவர் முதல் வருடமே பசுவில் இறங்குவதை நான் விரும்பமாட்டேன்.

என் தேர்வு: மூன்று அல்லது நான்கு பெட்டை வெள்ளாடுகள், கூடவே கோழிகள். ஒற்றை ஆடு வேண்டவே வேண்டாம். ஆடு கூட்டத்தில் வாழும் பிராணி. தனியாக விட்டால் கத்திக்கொண்டே இருக்கும், வேலியை உடைக்கும். கிடாவை இப்போது வாங்க வேண்டாம். சினைக்காலம் சுமார் 150 நாள். எப்போது குட்டி வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்து, அதற்கு ஐந்து மாதம் முன்பு நல்ல கிடாவிடம் கொண்டு போனால் போதும்.

வாங்கும்போது கண்ணின் கீழ் இமையை மெல்லக் கீழே இழுத்துப் பாருங்கள். உட்புறம் நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறியிருந்தால் வயிற்றில் ரத்தம் உறிஞ்சும் ஹீமான்கஸ் புழு இருக்கலாம். ஆடு வளர்ப்பவருக்கு நரியைவிடப் பெரிய எதிரி இந்தப் புழுதான் என்பேன். இமை நிறத்தை ஐந்து படிகளாகப் பிரித்து, எந்த ஆட்டுக்கு மருந்து தேவை என்று முடிவு செய்ய உதவும் ஃபமாச்சா அட்டை தென் ஆப்பிரிக்காவில் உருவானது. எல்லா ஆட்டுக்கும் மாதாமாதம் மருந்து ஊற்றினால், மருந்துக்கு அடங்காத புழுக்கள்தான் மிஞ்சும். தேவைப்படும் ஆட்டுக்கு மட்டும் சரியான அளவு கொடுங்கள். புழுவின் இளம்பருவம் புல்லின் அடிப்பகுதியில்தான் அதிகம் இருக்கும். அதனால் புல்லைத் தரை தெரிய மேயவிடாமல், 10 சென்டிமீட்டர் உயரம் இருக்கும்போதே அடுத்த பகுதிக்கு மாற்றுங்கள். இந்த விஷயத்திலும் உங்கள் புதர் உதவும். உயரத்தில் இருக்கும் தழையைத் தின்னும் ஆட்டுக்குப் புழு குறைவாகவே ஏறும். புதிதாக வாங்கிய ஆட்டை மூன்று நான்கு வாரம் தனியாக வைத்துப் பார்த்துவிட்டு மந்தையில் சேருங்கள்.

அடுத்து வேலி. நாய்க்கு ஒதுக்கி வைத்திருக்கும் பணத்தில் பெரும்பகுதியை இதில் போடச் சொல்வேன். ஆட்டுக்குக் குறைந்தது நான்கடி உயரக் கம்பி வலை வேண்டும். கட்டங்கள் பெரிதாக இருந்தால் கொம்புள்ள ஆடு தலையை நுழைத்துவிட்டு எடுக்க முடியாமல் மாட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் தெருநாய் வந்தால் ஆட்டுக்குத் தப்ப வழியே இல்லை. வலையின் அடியில் ஒன்று அல்லது இரண்டடி அகலத்துக்கு இன்னொரு வலையை வெளிப்பக்கமாகத் தரையில் படுக்கவைத்து ஆணியடித்துவிட்டால், வேலியோரம் தோண்டும் நரிக்கு வழி கிடைக்காது. இரவில் ஆடுகள் எல்லாப் பக்கமும் மூடிய கொட்டிலுக்குள் இருக்க வேண்டும். கோழிக்கூட்டுக்கு அரை அங்குலப் பற்றவைத்த வலை போடுங்கள். மெல்லிய அறுகோண வலை கோழியை உள்ளே வைத்திருக்குமே தவிர, பிய்த்து நுழைபவனைத் தடுக்காது. மாலையில் கூட்டை அடைத்துவிட்டீர்களா என்பதில்தான் கோழி பிழைப்பதே இருக்கிறது.

இப்போது நாய். முரட்டுத்தனத்தைப் பார்த்து வாங்கும் நாய் மந்தைக்கு ஆகாது. வீட்டையும் மனிதரையும் காக்கும் அல்சேஷன், ராட்வைலர் போன்றவை நம்மோடு இருப்பதற்காக வளர்க்கப்பட்டவை. ஆடு ஓடினால் பின்னாலேயே துரத்தும். ஆட்டை ஓட்டிச் சேர்க்கும் பார்டர் காலி போன்ற மேய்ப்பு நாயும் காவலுக்கு வராது. முறைத்துப் பார்ப்பது, பதுங்குவது, விரட்டுவது எல்லாம் வேட்டையின் படிகள். மேய்ப்பு நாயிடம் மனிதர் இவற்றை வளர்த்தெடுத்தார்கள், காவல் நாயிடம் இவை அடங்கிப்போகும்படி தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே இரண்டும் கலந்த குட்டியை யாராவது மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

மந்தைக் காவலுக்கென்றே பல நூறு ஆண்டுகளாக வளர்க்கப்பட்ட இனங்கள் இருக்கின்றன. பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே உள்ள மலைகளின் கிரேட் பைரனீஸ், இத்தாலியின் மரெம்மா, துருக்கியின் காங்கல், அக்பாஷ், ஹங்கேரியின் கொமோண்டார், குவாஸ் ஆகியவை அதிகம் பேசப்படுபவை. வெயில் அதிகமான இடத்துக்கு முடி குட்டையான காங்கல் வகை பொருந்தும். குளிர் இடங்களுக்கு முடி அடர்ந்த பைரனீஸ் நல்லது; ஆனால் அது எல்லை தாண்டிச் சுற்றும் சுபாவம் உள்ளது, இரண்டு ஏக்கர் அதற்குச் சிறிது. இவை எல்லாமே இரவில் குரைக்கும். குரைத்து எச்சரிப்பதுதான் அவற்றின் முக்கியமான வேலை. பக்கத்து வீடு நெருக்கமாக இருந்தால் நாயை வாங்கும் முன் அவர்களிடம் பேசிவிடுங்கள்.

இனத்தைவிடத் தாய் தகப்பன் முக்கியம். அமெரிக்காவின் ஹாம்ப்ஷயர் கல்லூரியைச் சேர்ந்த ரேமண்ட் காப்பிங்கரும் லோர்னா காப்பிங்கரும் 1970-களின் பிற்பகுதியிலிருந்து நூற்றுக்கணக்கான காவல் நாய்களைப் பண்ணைகளுக்குக் கொடுத்து, அவை எப்படி வேலை செய்கின்றன என்று தொடர்ந்து கவனித்தார்கள். நல்ல காவல் நாய்க்கு அவர்கள் வைத்த அளவுகோல் மூன்று: மந்தைக்குத் தீங்கு செய்யாத நம்பகம், மந்தையை விட்டு விலகாத கவனம், தாக்க வரும் விலங்கை எதிர்த்து நிற்கும் காப்பு. சண்டைக்குணம் அதில் இல்லை. ஆகவே குட்டி பார்க்கப் போகும்போது, அதன் தாயும் தகப்பனும் ஆடுகளுக்கு நடுவே வேலை செய்வதைக் காட்டச் சொல்லுங்கள். ஆடுகள் அந்த நாய்களைப் பார்த்து மிரளாமல் அசைபோட்டுக்கொண்டிருந்தால் அதுதான் சான்றிதழ். வீட்டு முற்றத்தில் வளர்ந்த தாயின் குட்டியை, என்ன வம்சாவளிக் காகிதம் காட்டினாலும், நான் எடுக்கமாட்டேன்.

குட்டியை எட்டு வார வயதில் எடுங்கள். பதினாறு வாரம் வரையிலான பருவத்தில் அது யாரோடு பழகுகிறதோ அவர்களையே தன் கூட்டம் என்று எடுத்துக்கொள்ளும். அந்தக் காலம் முழுக்க அது கொட்டிலிலேயே ஆடுகளின் பக்கத்தில் படுக்க வேண்டும். ஆடு முட்ட வந்தால் தப்பி ஒதுங்க, குட்டி மட்டும் நுழையக்கூடிய ஒரு மூலையைத் தடுத்துக் கொடுங்கள். மனிதர் தொடவே கூடாது என்று சிலர் சொல்வது தவறான யோசனை. பிடிக்க முடியாத 50 கிலோ நாய்க்கு ஊசி போட முடியாது, காயத்துக்கு மருந்து வைக்க முடியாது. தினமும் தொட்டுப் பழக்குங்கள், காலையும் காதையும் பிடித்துப் பாருங்கள், கயிற்றில் நடக்கவும் கூப்பிட்டால் வரவும் கற்றுக்கொடுங்கள். ஆனால் இதெல்லாம் ஆடுகளுக்கு நடுவிலேயே நடக்கட்டும். வீட்டுக்குள் கொண்டுபோய்க் கொஞ்சினால் அதற்கு வீடு பிடித்துவிடும்.

ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை மிகவும் சிரமமான காலம். உடம்பு பெரிதாகிவிடும், புத்தி குட்டியாகவே இருக்கும். விளையாட்டாக ஆட்டின் காதைக் கடிக்கும், துரத்தும். நிறையப் பேர் இங்கேதான் மனம் வெறுத்து நாயைக் கொடுத்துவிடுகிறார்கள். அது கெட்ட நாய் இல்லை, விடலைப்பருவம். உங்கள் கண் முன்னால் மட்டும் ஆடுகளோடு விடுங்கள். துரத்த ஆரம்பித்த உடனே அதட்டி நிறுத்துங்கள். நீங்கள் வேலைக்குப் போகும் நேரத்தில் பக்கத்துத் தடுப்பில், ஆடுகள் தெரியும்படி அடைத்து வையுங்கள். ஆடுகளின் முதல் ஈற்றின்போதும் இப்படித்தான். நஞ்சுக்கொடி வாசனைக்கு நாய் வரும், தாய் ஆடு முட்டும், குட்டிக்கு அடிபடும். நம்பி விட ஒன்றரை முதல் இரண்டு வருடம் ஆகும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அத்தனை பொறுமை இல்லை என்றால், ஆடுகளோடு வேலை செய்து பழகிய இரண்டு வயது நாயை அதிக விலை கொடுத்து வாங்குவது மேல்.

கோழி வேறு விஷயம். இறக்கை அடித்து ஓடுவது எந்த நாய்க்கும் விளையாட்டுப் பொருள்தான். ஆட்டோடு நன்றாகப் பழகிய நாய் கோழியைக் கொல்லலாம். தனியாகப் பழக்கும் வரை நடுவில் வலை இருக்கட்டும். ஆனால் பழகினால் அருமையாகக் காக்கும். ஆஸ்திரேலியாவில் வார்னம்பூல் நகருக்கு அருகே மிடில் தீவில் நரிகள் சிறிய பென்குயின்களைக் கிட்டத்தட்ட அழித்துவிட்ட நிலையில், 2006-ல் அங்கே மரெம்மா நாய்களைக் காவலுக்கு வைத்தார்கள். யோசனையைக் கொடுத்தவர் அதே நாய்களால் தன் கோழிகளைக் காத்துவந்த ஒரு பண்ணைக்காரர். பென்குயின்கள் மீண்டும் பெருகின. பிறகு 2017-ல் நாய்கள் இல்லாத சமயத்தில் நரிகள் நுழைந்து நூற்றுக்கும் மேற்பட்டவற்றைக் கொன்றன. நாய் அங்கே இருப்பதுதான் காவல். பகலில் நாயை வேறு இடத்தில் கட்டிப்போட்டுவிட்டு இரவில் மட்டும் அவிழ்த்துவிடும் பழக்கம் மந்தைக்கு உதவாது.

உங்கள் இடத்தில் தெருநாய்கள் கூட்டமாக வருகின்றன என்றால் ஒரு நாய் போதாது. நான்கைந்து நாய்களிடம் தனியாக மாட்டினால் அது செத்துப்போகும். முதல் நாய் முதிர்ந்த பிறகு இரண்டாவதைச் சேருங்கள். மூத்ததைப் பார்த்து இளையது வேகமாகக் கற்கும். ஒரே ஈற்றின் இரண்டு குட்டிகளைச் சேர்த்து வாங்க வேண்டாம். ஒன்றையொன்று ஏவிவிட்டு ஆட்டைத்தான் துரத்தும்.

நாயின் உணவை ஆடு எட்டாத இடத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் ஆடு தின்ன வரும், நாய் தன் சோற்றைக் காக்கக் கடிக்கும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி கட்டாயம். செத்த ஆட்டின் ஈரல், நுரையீரல், மூளையைப் பச்சையாக நாய்க்குப் போடவே கூடாது. அதில் நீர்க்கட்டியாக இருக்கும் புழு நாயின் குடலில் வளர்ந்து, நாயின் மலம் வழியாக மேய்ச்சலுக்கும் மனிதருக்கும் பரவும். நாய்க்குப் பிராசிகுவான்டெல் கலந்த நாடாப்புழு மருந்தை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் கொடுத்துவாருங்கள். ஆட்டுக்கு வைத்திருக்கும் புழு மருந்தை அளவைக் குறைத்து நாய்க்கு ஊற்றும் வேலை வேண்டாம்.

கழுதையைப் பற்றிச் சொன்னவர் முழுக்கத் தவறாகச் சொல்லவில்லை. கழுதைக்கு நாயும் நரியும் ஆகாது. கத்தும், துரத்தும், உதைக்கும். ஆடு மேயும் இடத்திலேயே மேயும், தனிச் சோறு கேட்காது. ஒரே ஒரு பெட்டை அல்லது காயடித்த ஆணை வைத்தால்தான் அது ஆடுகளோடு சேரும். இரண்டு இருந்தால் அவை தங்களுக்குள் ஒதுங்கிவிடும். காயடிக்காத ஆண் ஆட்டுக்குட்டிகளைக் கடித்துக் கொல்லக்கூடும். ஒற்றை நரி, ஒற்றை நாய் வந்தால் கழுதை போதும், கூட்டத்தைச் சமாளிக்காது. நாயைத் தன் எதிரியாகப் பார்ப்பதால் பின்னால் காவல் நாயோடு சேர்ப்பதும் சிரமம். இன்னொன்று: ஆட்டுத் தீவனத்தில் மோனென்சின் என்ற மருந்து கலந்திருக்கலாம். குதிரைக்கும் கழுதைக்கும் அது விஷம். கழுதை வாங்க முடிவு செய்தால் தீவன மூட்டையின் சீட்டை அன்றே படித்துவிடுங்கள்.