எடை குறைந்த மெல்லிய நாணயம்: அச்சுப் பிழையா, அமிலமா?

5 கிராம் இருக்க வேண்டிய உங்கள் நாணயம் 4.1 கிராம்தான் இருக்கிறது, இது அச்சுப் பிழையா, அதாவது நாணயச் சாலையில் அடிக்கும்போதே நேர்ந்த தவறா என்று கேட்டிருக்கிறீர்கள். எடையை மட்டும் வைத்து அப்படி முடிவு கட்டாதீர்கள். எழுத்துகள் எல்லாம் ஒரே மாதிரி மழுங்கியிருப்பதாகச் சொல்கிறீர்கள். அது பெரும்பாலும் அமிலத்தில் ஊறிய நாணயத்தின் அடையாளம்.

முதலில் விட்டத்தை வெர்னியர் காலிப்பரில் அளந்து பாருங்கள். அமிலம் எல்லாப் பக்கமும் அரிக்கும். அதனால் விட்டமும் குறையும், எழுத்துகள் ஒல்லியாகும், மேற்பரப்பு சொரசொரக்கும். நாணயம் அடிக்கப் பயன்படும் உலோகத் தகடே மெல்லியதாக உருட்டப்பட்டிருந்தால் விட்டம் ஏறக்குறைய சரியாகவே இருக்கும். அச்சை நிரப்ப உலோகம் போதாமல் மேடான பகுதிகளும் விளிம்பும் மட்டும் மங்கலாக விழும், மற்ற இடங்கள் கூர்மையாக இருக்கும். லென்ஸை எடுத்தால் நான் தேடுவது இந்த வித்தியாசத்தைத்தான்.

அப்புறம், ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் கோடுகோடாகவும் இருந்தால் தகடு இரண்டாகப் பிளந்திருக்கலாம். அது உண்மையான பிழை.

எடையை 0.01 கிராம் வரை காட்டும் தராசில், அதே ஆண்டின் இன்னொரு நாணயத்தோடு ஒப்பிடுங்கள். உலோகம் மாறிய ஆண்டு என்றால் இரண்டு எடையுமே சரியானதாக இருக்கலாம். தயவுசெய்து நாணயத்தைக் கழுவவோ தேய்க்கவோ வேண்டாம், பார்க்க வேண்டிய தடயங்கள் அழிந்துவிடும்.