1848 ஃபிராங்க்ஃபர்ட் நாடாளுமன்றத் தலைவர் ஹைன்ரிஷ் ஃபான் காகெர்ன் யார்? அவரால் ஜெர்மனியை ஏன் ஒன்றிணைக்க முடியவில்லை?

பல அரசுகளாகச் சிதறிக் கிடந்த ஜெர்மனிக்குப் பேரரசராகும்படி ஃபிராங்க்ஃபர்ட் சபை நீட்டிய மகுடத்தைப் பிரஷ்ய மன்னர் மறுத்துவிட்டார், அதனால் காகெர்ன் தோற்றார் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். மறுப்பு வந்தது 1849 ஏப்ரலில். கோளாறு அதற்கு முந்தைய கோடையிலேயே தொடங்கிவிட்டது.

முதலில் ஆளைப் பற்றி. 1799 ஆகஸ்ட் 20 அன்று பைராய்ட் நகரில் ஒரு பிரபுக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை ஹான்ஸ் கிறிஸ்டோஃப், வியன்னா மாநாட்டில் நெதர்லாந்து சார்பில் உட்கார்ந்த ராஜதந்திரி. மகன் பதினைந்து வயதிலேயே நசாவ் படையில் சேர்ந்து வாட்டர்லூவில் காயம்பட்டார். பிறகு சட்டப் படிப்பு, மாணவர் இயக்கம், ஹெஸ்ஸே-டார்ம்ஸ்டாட் அரசுப் பணி. 1832இல் சட்டசபைக்குத் தேர்வாகி, அரசோடு முட்டிக்கொண்டு அடுத்த ஆண்டே வேலையை விட்டார். 1836இல் வோர்ம்ஸ் அருகே மோன்ஸ்ஹைம் பண்ணைக்குப் போய் விவசாயம் பார்த்தார். 1847இல் மீண்டும் சபை. 1848 மார்ச் 5 அன்று, தாம் விட்டுவந்த அதே அரசுக்குத் தலைமை அமைச்சர்.

அவர் கேட்டது அரசியல் சாசனமும் நாடாளுமன்றமும். மன்னராட்சியை ஒழிக்கச் சொல்லவில்லை. 1848 ஏப்ரல் 20 அன்று தீவிரக் குடியரசுவாதி ஹெக்கரின் கிளர்ச்சிப் படையை எதிர்கொள்ளப் போன அவருடைய அண்ணன், தளபதி ஃபிரீட்ரிஷ், காண்டெர்ன் அருகே சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த மாதம் 19ஆம் தேதி, ஃபிராங்க்ஃபர்ட் பவுல் தேவாலயத்தில் கூடிய தேசிய சபை 397 வாக்குகளில் 305ஐக் கொடுத்துக் காகெர்னைத் தலைவராக்கியது. வட்டமான கூடம், மாடம் நிறையப் பார்வையாளர்கள், தலைவர் இருக்கைக்கு மேலே ஆர்கனை மறைத்துத் தொங்கிய ஃபிலிப் ஃபைட்டின் 'கெர்மானியா' ஓவியம். முதல் நாள் கூச்சலில் போன அந்தச் சபையை அடக்கி நடத்த அவருடைய கணீர்க் குரலும் கம்பீரமும் நிறையவே உதவின.

ஜூன் 24 அன்று அவர் செய்ததுதான் என் பார்வையில் அவர் வாழ்வின் உச்சம். மத்திய அரசை அமைப்பது யார், மன்னர்களா சபையா என்று விவாதம் முடிவில்லாமல் போய்க்கொண்டிருந்தது. தற்காலிக மத்திய அதிகாரத்தை நாமே உருவாக்க வேண்டும் என்று காகெர்ன் அறிவித்தார். இடதுசாரிகளுக்கு அந்தக் கொள்கை பிடித்தது. ஆட்சிப் பொறுப்பை ஓர் இளவரசருக்கே தரலாம் என்று அவர் சொன்னது வலதுசாரிகளுக்குப் போதுமானதாக இருந்தது. ஜூன் 29 அன்று ஆஸ்திரிய அரச குடும்பத்து இளவரசர் (ஆர்ச்ட்யூக்) யோஹான் 436 வாக்குகளுடன் ஆட்சிப் பொறுப்பாளர் ஆனார்.

ஆனால் அந்த அரசுக்குச் சொந்தப் படை இல்லை, வரி வசூலிக்கும் நிர்வாகமும் இல்லை. போர் அமைச்சர் பொய்க்கர், ஆகஸ்ட் 6 அன்று எல்லா ஜெர்மன் படைகளும் யோஹானுக்கு மரியாதை அணிவகுப்பு நடத்த வேண்டும் என்று ஆணையிட்டார். சிறிய அரசுகள் பணிந்தன. பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் சொன்னபடி செய்யவில்லை. ஆணை யாரிடம் செல்லும், யாரிடம் செல்லாது என்பது அன்றே ஊருக்கெல்லாம் தெரிந்துபோனது.

டிசம்பரில் காகெர்ன் மத்திய அமைச்சரவையின் தலைவரானார். அவருடைய திட்டத்தில் இரண்டு அடுக்குகள்: பிரஷ்யா தலைமையில் ஆஸ்திரியா இல்லாத ஒரு நெருக்கமான கூட்டரசு, அதற்கு வெளியே ஆஸ்திரியாவோடு ஒரு தளர்வான ஒப்பந்தம். 1849 மார்ச் 4 தேதியிட்ட சாசனத்தில் வியன்னா தன் பேரரசு முழுவதையும் பிரிக்க முடியாத ஒரே நாடாக அறிவித்ததும், ஆஸ்திரியாவின் ஜெர்மன் பகுதிகளையாவது சேர்த்துக்கொள்ளலாம் என்று நம்பியவர்களுக்கு வழி அடைபட்டது. அப்போதும் காகெர்னுக்குப் பெரும்பான்மை வரவில்லை. மார்ச் 21 அன்று ஃபிராங்க்ஃபர்ட் சபை எழுதிய மொத்தச் சாசனத்தையும் ஒரே மூச்சில் நிறைவேற்றும் தீர்மானம் 252க்கு 283 என்று தோற்றது.

பேரம் அதற்குப் பிறகுதான் படிந்தது. ஹைன்ரிஷ் ஸிமோன் தலைமையிலான இடதுசாரிப் பிரிவு வாக்களிக்கச் சம்மதித்தது. அதற்கு விலை இரண்டு: வயதுவந்த ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை, பேரரசர் ஒரு சட்டத்தைத் தள்ளிப்போடலாமே தவிர முற்றாகத் தடுக்க முடியாது என்ற விதி. மார்ச் 27 அன்று பரம்பரைப் பேரரசர் பதவி 267க்கு 263 என்று நிறைவேறியது. நான்கே வாக்கு வித்தியாசம். மறுநாள் பேரரசர் தேர்வில் பிரஷ்ய மன்னர் நான்காம் ஃபிரீட்ரிஷ் வில்ஹெல்முக்கு 290 வாக்குகள். 248 பேர் வாக்களிக்கவில்லை.

சபைக்குள் இது கெட்டிக்கார வேலைதான். ஆனால் சபையில் வாக்கு சேர்த்துத் தந்த அதே இரண்டு விதிகள், பெர்லினில் மகுடத்தை ஏற்பதை இன்னும் கடினமாக்கின. மற்ற மன்னர்களின் சம்மதமில்லாமல் மகுடத்தை ஏற்கமாட்டேன் என்பதை, 1848 நவம்பர் இறுதியில் பெர்லினுக்கே போன காகெர்னிடம் மன்னர் நேரில் சொல்லியிருந்தார். பொதுமக்கள் கருத்தின் அழுத்தத்தில் மனம் மாறுவார் என்று காகெர்ன் நம்பியதுதான் பெரிய தவறு என்பேன். ஏப்ரல் 3 அன்று, காகெர்னுக்குப் பின் சபைத் தலைவரான ஸிம்ஸன் தலைமையில் போன தூதுக்குழு வெறுங்கையோடு திரும்பியது.

28 சிறிய அரசுகள் சாசனத்தை ஏற்றன. பிரஷ்யாவை வற்புறுத்த அது போதவில்லை. மே மாதத்தில் காகெர்ன் பதவி விலகி, சில நாட்களில் அறுபதுக்கும் மேற்பட்ட உறுப்பினர்களோடு சபையை விட்டே வெளியேறினார். ஆயுதக் கிளர்ச்சியால் சாசனத்தைக் காப்பாற்ற அவருக்கு மனமில்லை. 1850இல் பிரஷ்யா கூட்டிய எர்ஃபுர்ட் நாடாளுமன்றத்தில் பிரஷ்யத் தலைமைக்காக மீண்டும் முயன்றார், அதுவும் கைகூடவில்லை. பிற்பாடு ஆஸ்திரியா பக்கம் சாய்ந்து, 1864 முதல் 1872 வரை ஹெஸ்ஸேயின் தூதராக வியன்னாவில் இருந்தார். பிரஷ்யாவின் பிஸ்மார்க் ஜெர்மன் பேரரசை அமைத்தபோது அவர் அங்கேதான் இருந்தார். 1880 மே 22 அன்று டார்ம்ஸ்டாட்டில் காலமானார்.

ஸிமோனுக்கு விலையாகக் கொடுத்த அந்த வாக்குரிமைச் சட்டம் 1849 ஏப்ரல் 12 அன்று வெளியானது: 25 வயதான ஆண்கள், நேரடி, ரகசிய வாக்கு. 1867இல் வட ஜெர்மன் கூட்டரசின் நாடாளுமன்றத்துக்குத் தேர்தல் நடத்த பிஸ்மார்க் எடுத்துக்கொண்ட மாதிரி அதுதான்.