டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியோடு நிற்பது எந்தப் பாகம், அதற்கு எந்த டிரைவர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: பழைய எச்பி லேப்டாப்பை ஃபார்மட் செய்து விண்டோஸை மறுபடி போட்டேன். வைஃபை வரவில்லை. டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் கன்ட்ரோலர், பிசிஐ சிம்பிள் கம்யூனிகேஷன்ஸ் கன்ட்ரோலர், அன்னோன் டிவைஸ் என்று மூன்று பெயர்கள் மஞ்சள் குறியோடு நிற்கின்றன. டிரைவரைத் தானாகத் தேடித் தரும் சாஃப்ட்வேர் ஏதாவது போடலாமா?

பதில்:

போட வேண்டாம். அந்த சாஃப்ட்வேர்கள் செய்வதெல்லாம் ஒவ்வொரு பாகத்தின் அடையாள எண்ணைப் படித்து, தங்கள் பட்டியலில் பொருந்துகிற டிரைவரை (அந்தப் பாகத்தை விண்டோஸ் இயக்க உதவும் சிறு சாஃப்ட்வேர்) எடுத்துக் கொடுப்பதுதான். அதே எண்ணை நீங்களே படிக்கலாம். நடுவில் விளம்பரம், பணம் கட்டச் சொல்லும் பெட்டி, கூடவே ஒட்டிக்கொண்டு வரும் வேறு இரண்டு புரோகிராம்கள் எதுவும் வேண்டியதில்லை.

டிவைஸ் மேனேஜரில் அந்தப் பெயரின் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போங்கள். டீடெய்ல்ஸ் என்ற பகுதியில் ஒரு கீழ்விரி பட்டியல் இருக்கும். அதில் ஹார்ட்வேர் ஐடிஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் நான்கைந்து வரிகள் வரும். முதல் வரிதான் மிக விரிவானது. பிசிஐ (போர்டோடு நேராக இணையும் பாகங்களுக்கான வழி) என்று தொடங்கினால் அதில் வென் என்பதற்குப் பக்கத்தில் இருக்கும் நான்கு இலக்கம் சிப்பைச் செய்த நிறுவனம். டெவ் என்பதற்குப் பக்கத்தில் இருக்கும் நான்கு இலக்கம் அந்தச் சிப்பின் மாடல். யூஎஸ்பியில் வரும் பொருள் என்றால் இவையே விட், பிட் என்ற பெயரில் இருக்கும். ஹெக்ஸாடெசிமல் என்பதால் எண்களோடு ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துகளும் கலந்து வரும். இந்த எண் சிப்போடு கூடவே வருவது. விண்டோஸை எத்தனை முறை மாற்றினாலும் மாறாது.

அடிக்கடி கண்ணில் படும் சில எண்களைப் பழகிக்கொண்டால் வேலை சுலபம். 8086 இன்டெல். 1978இல் வந்த தன் பிராசசரின் பெயரையே அந்த நிறுவனம் அடையாள எண்ணாக வைத்துக்கொண்டது. எனக்குப் பிடித்த விஷயம் இது. 1022, 1002 இரண்டும் ஏஎம்டி (இரண்டாவது ஏடிஐயிடமிருந்து வந்தது). 10டிஇ என்விடியா, 10இசி ரியல்டெக், 14இ4 பிராட்காம், 168சி அதெராஸ், 1814 ராலிங்க்.

இப்போது உங்கள் வைஃபை. லேப்டாப் மாடலைக் கொடுத்து எச்பி தளத்தில் தேடினால் அந்த ஒரே மாடலுக்கு பிராட்காம், ராலிங்க், அதெராஸ், இன்டெல் என்று நான்கு வைஃபை டிரைவர்கள் வரிசையாக நிற்கக்கூடும். ஒரே மாடலை வெவ்வேறு வைஃபை கார்டு போட்டு விற்றிருப்பார்கள். இங்கேதான் எல்லோரும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து அலுத்துப்போகிறார்கள். உங்கள் வரியில் வென் 1814, டெவ் 3290 என்று இருந்தால் அது ராலிங்க் ஆர்டி3290. ப்ளூடூத்தும் சேர்ந்த கார்டு, 2012, 2013 வாக்கில் வந்த எச்பிகளில் நிறைய உண்டு. மற்ற மூன்றையும் தொடவே வேண்டாம். சப்சிஸ் என்ற எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தையும் பாருங்கள். 103சி என்றால் எச்பி, 1028 டெல், 17ஏஏ லெனோவோ, 1043 ஆசுஸ், 1025 ஏசர். எந்தக் கம்பெனிக்காகச் செய்த கார்டு என்பது அது. மேலே ஸ்டிக்கர் இல்லாத பழைய கம்ப்யூட்டர் கையில் வந்தால்கூட இதை வைத்துப் பிடித்துவிடலாம்.

பிசிஐ சிம்பிள் கம்யூனிகேஷன்ஸ் கன்ட்ரோலர் என்ற பெயரைப் பார்த்து மோடம் என்று நினைப்பவர்கள் உண்டு. வென் 8086 என்று இருந்தால் பெரும்பாலும் அது இன்டெல் மேனேஜ்மென்ட் என்ஜின் (இன்டெல் சிப்செட்டுக்குள் தனியாக ஓடும் சிறு நிர்வாகப் பகுதி). அதன் டிரைவரைப் போட்டால் போய்விடும். எஸ்எம் பஸ் கன்ட்ரோலர் என்று நின்றால் சிப்செட் (போர்டில் மற்ற பாகங்களை இணைக்கும் முக்கியச் சிப்) டிரைவரைப் போட வேண்டும்.

அன்னோன் டிவைஸ்தான் கொஞ்சம் கவனித்துப் பார்க்க வேண்டியது. நெட்வொர்க் கன்ட்ரோலர் குறைந்தபட்சம் தான் எந்த வகை என்றாவது சொல்கிறது. இது அதையும் சொல்லாது. ஐடி வரி ஏசிபிஐ என்று தொடங்கினால் அது பெரும்பாலும் லேப்டாப் கம்பெனி தானே சேர்த்த சிறு வசதி. எச்பிக்யூ6001 என்றால் வைஃபையை நிறுத்தி ஓட்டும் பட்டனின் டிரைவர், எச்பி வயர்லெஸ் பட்டன் என்ற பெயரில் கிடைக்கும். எச்பிக்யூ0004 என்றால் லேப்டாப் கீழே விழுவதை உணர்ந்து ஹார்ட் டிஸ்கைக் காக்கும் சென்சார். டெல்லில் அதே வேலைக்கு எஸ்எம்ஓ8800. லெனோவோவில் விபிசி2004 என்று வந்தால் அது வேறு, பவர் மேனேஜ்மென்ட் டிரைவர்.

ஆனால் அந்த வரியில் விட் 0000, பிட் 0002 என்று இருந்து, டிஸ்கிரிப்டர் ரிக்வெஸ்ட் ஃபெயில்ட், கோட் 43 என்று வந்தால் டிரைவர் தேடுவதை அங்கேயே நிறுத்துங்கள். விண்டோஸ் உன் பெயர் என்ன என்று கேட்டு, பதில் வரவில்லை என்று அர்த்தம். வயர், போர்ட், அல்லது அந்தப் பொருளே கோளாறு. வேறு வயரில், வேறு போர்ட்டில் மாட்டிப் பாருங்கள். டிரைவர் இல்லாததால் வருவது கோட் 28. உங்களுக்கு அதுதான் வந்திருக்கும்.

டிரைவரை எங்கே எடுப்பது? முதலில் லேப்டாப் கம்பெனியின் தளம். அங்கே இல்லையென்றால் மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் என்ற மைக்ரோசாஃப்டின் தளம். அதன் தேடல் பெட்டியில் வென், டெவ் பகுதியை அப்படியே ஒட்டினால் பொருந்தும் டிரைவர்கள் கேப் ஃபைலாக (ஜிப் போலச் சுருக்கிய ஃபைல்) வரும். அதைப் பிரித்து ஒரு ஃபோல்டரில் வைத்து, அப்டேட் டிரைவர் கொடுத்து அந்த ஃபோல்டரைக் காட்டினால் போதும். எங்கிருந்து எடுத்தாலும் போடும் முன் ஒன்று செய்யுங்கள்: ஃபோல்டருக்குள் இருக்கும் ஐஎன்எஃப் ஃபைலை நோட்பேடில் திறந்து உங்கள் டெவ் எண்ணைத் தேடுங்கள். அது எந்தெந்தச் சிப்புக்கு என்று அதில் வரிசையாக எழுதியிருக்கும். உங்கள் எண் எந்த ஐஎன்எஃப் ஃபைலிலும் இல்லையென்றால், இணையத்தில் யார் என்ன சொல்லியிருந்தாலும் அது உங்களுக்கான டிரைவர் இல்லை.

வைஃபையே இல்லாமல் எப்படி டவுன்லோட் செய்வது என்று கேட்பீர்கள். ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பியில் மாட்டி, யூஎஸ்பி டெதரிங் (போனின் நெட்டைக் கம்ப்யூட்டருக்குத் தரும் வசதி) ஆன் செய்யுங்கள். பெரும்பாலும் தனி டிரைவர் கேட்காமலே நெட் வந்துவிடும். வந்ததும் ஒருமுறை விண்டோஸ் அப்டேட்டை ஓடவிடுங்கள். மூன்றில் ஒன்றிரண்டு அதிலேயே தீர்ந்துவிட வாய்ப்புண்டு.

சிப்பின் எண்ணே பொய் சொல்லும் இடமும் ஒன்று உண்டு. ஒரு மளிகைக் கடையில் எடை மெஷினை பில்லிங் கம்ப்யூட்டரோடு இணைக்கும் யூஎஸ்பி சீரியல் கேபிள் வேலை செய்யவில்லை என்று கூப்பிட்டார்கள். ஐடி விட் 067பி, பிட் 2303. அதாவது ப்ரோலிஃபிக் பிஎல்2303, டிரைவரும் சரியானதே. ஆனால் டிவைஸ் மேனேஜரில் பொருளின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், பிஎல்2303எச்எக்ஸ்ஏ 2012லிருந்து நிறுத்தப்பட்டது, விற்றவரைத் தொடர்பு கொள்ளுங்கள் என்ற ஆங்கில வாசகம் நின்றது. பழைய சிப்புகளையும் அவற்றைப் போலச் செய்த போலிகளையும் புதிய டிரைவர் ஏற்பதில்லை. அண்ணாச்சியிடம் விஷயத்தைச் சொல்லி, விட் 1ஏ86, பிட் 7523 உள்ள சிஎச்340 கேபிள் ஒன்றை மாற்றிக் கொடுத்தேன். அன்று சாயங்காலமே எடை பில்லில் ஏறியது.

இதை இவ்வளவு நீளமாக எழுதக் காரணம் இருக்கிறது. ஃபார்மட்டுக்குப் பிறகு வைஃபை வரவில்லை என்று போனவர்களிடம் போர்டு போய்விட்டது என்று சொல்லி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். படிக்கிற பிள்ளைக்கு இருப்பதே அந்த ஒரு லேப்டாப்தான் என்ற வீடுகள் அவை. அப்படி யாராவது சொன்னால் உபுண்டுவை (விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச லினக்ஸ்) ஒரு பென் டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமலே அதிலிருந்து பூட் செய்து பாருங்கள். அங்கே வைஃபை வந்தால் கார்டும் போர்டும் நன்றாக இருக்கின்றன, விண்டோஸில் டிரைவர் மட்டும்தான் குறை. வரவில்லை என்றால் டெர்மினலில் எல்எஸ்பிசிஐ கமாண்ட் கொடுங்கள், பிசிஐ பாகங்களின் பட்டியல் வரும். கார்டின் பெயரே அதில் இல்லையென்றால், பின்மூடியைக் கழற்றிக் கார்டை எடுத்து மறுபடி அழுத்தி மாட்டிவிட்டு, பயோஸில் (விண்டோஸ் ஏறும் முன் வரும் செட்டிங்) வயர்லெஸ் ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பார்த்த பிறகுதான் போர்டைச் சந்தேகிக்க வேண்டும்.

மூன்று மஞ்சளும் போனதும் எல்லா டிரைவர்களையும் ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துவிடுங்கள். விண்டோஸ் 10, 11 என்றால் பிஎன்பியூட்டில் கமாண்டில் எக்ஸ்போர்ட் டிரைவர் என்ற வசதியே இருக்கிறது. அடுத்த முறை ஃபார்மட் செய்தால் அப்டேட் டிரைவரில் அந்த ஃபோல்டரை மட்டும் காட்டினால் போதும், நெட்டே தேவைப்படாது.