கஜலில் ஓர் ஈரடிக்கும் அடுத்ததற்கும் ஏன் தொடர்பே இருப்பதில்லை?

கஜல் என்பது ஈரடிகளின் வரிசை. அரபியில் பிறந்து, பாரசீகத்தில் வளர்ந்து, உருதுவில் கொடிகட்டிப் பறந்த வடிவம். ஒவ்வொரு ஈரடியும் தன்னளவில் முழுக் கவிதை. முதலாவது காதலைச் சொன்னால் அடுத்தது கடவுளிடம் சண்டை போடலாம். வரிசை வீடுகள் மாதிரிதான், உள்ளே வேறு வேறு குடும்பங்கள், வாசல் கதவு மட்டும் ஒரே அச்சு.

அந்தக் கதவுதான் காஃபியா, ரதீஃப். தமிழில் சும்மா ஒன்று கட்டிப் பார்ப்போம்:

கோலத்தில் காயவில்லை ஈரம் இன்னும்
வீடு வர இருக்கிறது தூரம் இன்னும்

ஈரம், தூரம் என ஒலி ஒத்து வருவது காஃபியா. மாறாமல் திரும்பும் 'இன்னும்' ரதீஃப். முதல் ஈரடியில் இரண்டு அடியும் இப்படி முடியவேண்டும், அப்புறம் வரும் ஈரடிகளில் இரண்டாம் அடி மட்டும் முடிந்தால் போதும்.

ஏன் இந்த ஏற்பாடு? முஷாயிரா எனும் கவியரங்கில் கவிஞர் முதல் அடியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் காத்திருக்க வைப்பார். முடிவுச் சொல் கூட்டத்துக்கு முன்பே தெரியும், அதை எப்படி எட்டுவார் என்பதில்தான் சுவையே, எட்டிய கணத்தில் 'வாஹ் வாஹ்' எழும். ஒவ்வொரு ஈரடிக்கும் தனியாகக் கைதட்டு வாங்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றும் தனியாக நிற்கத்தானே வேண்டும்? கடைசி ஈரடியில் கவிஞர் பெரும்பாலும் தன் புனைபெயரை வைப்பார், உருதுக் கவிஞர் காலிப் வைத்ததைப் போல.

கஜல் என்றாலே மெதுவாகப் பாடும் சோகப் பாட்டு என்று பலர் நினைக்கிறார்கள். அது யாப்பு வடிவம், பாட்டு வகை அல்ல.