கியூஎமு டெஸ்டில் பைட் வரிசை: எங்கே திருப்புவது?

கேள்வி இது: கியூஎமுவில் (வேறொரு கணினியை மென்பொருளாகவே ஓட்டும் எமுலேட்டர்) ஒரு விர்ட்டியோ சாதனத்துக்கு (மெய்நிகர் கணினிகளுக்கான பொதுத் தர சாதனம்) எழுதிய கியூடெஸ்ட் (சாதனத்தைச் சோதிக்கும் கியூஎமு டெஸ்ட்), எக்ஸ்86 டார்கெட்டில் (எமுலேட் ஆகும் கணினி வகை) பாஸாகிறது, 64 பிட் பவர்பிசியில் விழுகிறது. பைட்டுகளை எங்கே திருப்ப வேண்டும்?

தயவுசெய்து பாஸாகும் வரை அங்கங்கே ஸ்வாப் (பைட்டுகளைத் திருப்புவது) போட்டுப் பார்க்காதீர்கள். தப்பான இரண்டு ஸ்வாப் ஒன்றையொன்று அடித்துவிடும். டெஸ்ட் பச்சை காட்டும், சாதனத்தின் பிழை அப்படியே இருக்கும்.

இங்கே மூன்று பைட் வரிசைகள் உண்டு: டெஸ்ட் ஓடும் ஹோஸ்ட், எமுலேட் ஆகும் சிபியு, சாதனத்தின் ஸ்பெக். எக்ஸ்86 ஹோஸ்டில் எக்ஸ்86 டார்கெட், அதில் ஒரு பிசிஐ சாதனம் என்றால் பெரும்பாலும் மூன்றுமே லிட்டில் எண்டியன், அதாவது மதிப்பு குறைந்த பைட் முதலில் (பிக் எண்டியன் இதற்கு நேர் எதிர்). அதனால் அங்கே தவறு வெளியே தெரியாது.

கியூடெஸ்டின் ரைட்எல் (32 பிட் மதிப்பை எழுதும் ஃபங்ஷன்), டார்கெட் சிபியு எழுதுவது போலவே எழுதும். ஹெக்ஸ் 12345678 கொடுத்தால் எக்ஸ்86 மெமரியில் 78 56 34 12 என்று உட்காரும், பவர்பிசியில் 12 34 56 78. மெம்ரைட் அப்படியல்ல, கொடுத்த பைட்டுகளைத் தொடாமல் கொண்டுபோய் வைக்கும். எனவே ஒரு ஸ்ட்ரக்சரை நிரப்பி மெம்ரைட்டில் அனுப்பினால், ஹோஸ்டின் வரிசைதான் கெஸ்ட் (எமுலேட் ஆகும் கணினி) மெமரிக்குப் போகும். அங்கே ஒவ்வொரு ஃபீல்டையும் ஸ்பெக் கேட்கும் வரிசைக்கு நீங்களே மாற்ற வேண்டும்.

சரி, விர்ட்டியோவுக்கு வருவோம். 1.0 முதல் எல்லாமே லிட்டில் எண்டியன். அதற்கு முந்தைய லெகசியில் கெஸ்டின் வரிசை. எது என்பதை, சாதனமும் டிரைவரும் ஒப்புக்கொள்ளும் வசதிகளில் ஒன்றான 32ஆம் ஃபீச்சர் பிட் முடிவுசெய்கிறது. ஆக, ரைட்எல் வழியாக ரிங்கை (டிரைவரும் சாதனமும் பகிரும் கோரிக்கை வரிசை) நிரப்பும்போது, அந்த பிட் ஒப்புக்கொள்ளப்பட்டு, டார்கெட்டும் பிக் எண்டியனாக இருந்தால் மட்டுமே ஸ்வாப். ரிங்கில் ஒரு பஃபரைக் குறிக்கும் டிஸ்கிரிப்டரின் 64 பிட் முகவரி, 32 பிட் நீளம், 16 பிட் ஃபிளாக்ஸ், 16 பிட் நெக்ஸ்ட் நான்குக்கும் இதே விதி. கியூடெஸ்டுக்கான உதவி லைப்ரரியான லிப்கியூஓஎஸ்ஸின் விர்ட்டியோ ஃபங்ஷன்கள் இதைச் செய்துதருகின்றன, அவற்றையே பயன்படுத்துங்கள். லெகசியில் இன்னொரு சிக்கல்: பவர் சிபியு ஓடும்போதே வரிசையை மாற்றிக்கொள்ளக்கூடியது, அதனால் கியூஎமு சிபியுவின் நிலையைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறது. கியூடெஸ்டில் கெஸ்ட் கோட் எதுவும் ஓடாததால் ரீசெட் நிலையான பிக் எண்டியனே கிடைக்கும்.

எக்ஸ்86 என்றாலே கவலையில்லை என்பதும் சரியல்ல. கியூஎமுவின் ஃபர்ம்வேர் கான்ஃபிக் சாதனத்தில் (கெஸ்டின் ஃபர்ம்வேருக்கு அமைப்புத் தகவல் தருவது) டிஎம்ஏ (சாதனமே நேரடியாக மெமரியைத் தொடும் முறை) ஸ்ட்ரக்சர் எந்த டார்கெட்டிலும் பிக் எண்டியன்தான்.

அப்புறம், சோதனை மதிப்பாக 0 அல்லது எல்லா பிட்டும் 1 என்று கொடுக்காதீர்கள், திருப்பினாலும் அதுவேதான். ரைட்எல்லில் எழுதியதை ரீட்எல்லில் மட்டும் சரிபார்ப்பதும் போதாது. ஒரு முறையாவது மெம்ரீடில் எடுத்து, பைட் பைட்டாக ஒப்பிடுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் டெஸ்ட் விழுந்தால் சாதனத்தின் கோடைப் பாருங்கள். மெமரி ரீஜியனில் (சாதனத்தின் ரெஜிஸ்டர்கள் இருக்கும் முகவரிப் பகுதி) எண்டியன் நேட்டிவ், அதாவது டார்கெட்டின் வரிசை, என்று இருக்கிறதா? டேட்டாஷீட் ஒரு வரிசையைச் சொல்லும்போது அதையே எழுத வேண்டும். நேட்டிவ் என்று விட்டால், டார்கெட் மாறும்போது ரெஜிஸ்டரின் பைட் வரிசையும் சேர்ந்தே மாறும். முடிந்தால் எஸ்390எக்ஸ் (ஐபிஎம் மெயின்ஃபிரேம்) போன்ற பிக் எண்டியன் ஹோஸ்டிலும் இதே டெஸ்டை ஓட்டுங்கள். டெஸ்ட் கோடிலேயே விட்டுப்போன மாற்றங்கள் அங்கேதான் சிக்கும்.